ஆடும் பொம்மையும் அடைத்த பலகையும்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய கடற்கரைக் குப்பங்களில் ஒன்றாகிய எக்கியார்குப்பத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். கடிதத்தின் சாரமாவது: அவ்வூர் வாலிபர்கள் சிலர் ஒன்றுகூடி, வருகின்ற நவராத்திரிக்கு அசையும் பொம்மைக் காட்சி ஒன்று அமைப்பதென்று தீர்மானித்து, வீடு வீடாக வசூலும் ஆரம்பித்துவிட்டார்களாம். கட்டில் அகலத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் திருப்பாற்கடல், நடுவில் மந்தரமலை, மலையைச் சுற்றி வாசுகி என்னும் பாம்பு. பாம்பின் வாலைத் தேவர்களும் தலையை அசுரர்களும் பிடித்து இழுக்க, மலை இப்படியும் அப்படியும் சுழலவேண்டும், பாற்கடல் அலையடிக்கவேண்டும், கடைசியில் இலட்சுமி தாமரையோடு மேலெழுந்து வரவேண்டும். யாவும் மின்சார மோட்டாரினால் தானாகவே நடக்கவேண்டும். "இதை நாம் கண்டிப்பதா, சும்மா இருப்பதா, அல்லது கூடச் சேருவதா? பிள்ளைகள் நல்லவர்கள், கைவேலை தெரிந்தவர்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ள மனம் வரவில்லை" என்று தோழர் கேட்கின்றார்.

கூடச் சேருங்கள் என்பதுதான் நமது பதில். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை பேசிக்கொள்ளுங்கள். பெட்டியின் பின்பக்கத்துக்குப் பலகை அடிக்கக்கூடாது. திரையும் தொங்கவிடக்கூடாது.

இதைப் படித்தவுடன் நமது பழைய தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். "1953-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி பிள்ளையார் பொம்மையை உடைத்த இயக்கம் இப்போது பொம்மை செய்துகொடுக்கப் புறப்பட்டுவிட்டதா?" என்று கேட்கக் கூடும். கேட்கட்டும். அன்று உடைத்தவர்கள் குயவரிடம் காசு கொடுத்து வாங்கிய மண்ணுருவத்தைத்தான் உடைத்தார்கள். அவர்களுக்கு மண்ணின்மேலும் கோபமில்லை, அதைப் பிசைந்த குயவரின்மேலும் கோபமில்லை. அந்த மண்ணைக் காட்டி மனிதனை மிரட்டி வைத்திருப்பவர்கள்மேல்தான் கோபம்.

பொம்மை செய்வதும் அதை ஆடவைப்பதும் மனிதனுக்கு மிகப் பழைய ஆசை. அதில் தப்பொன்றும் இல்லை. பறக்கும் மீனையும், பேசும் நண்டையும், சந்திரனில் ஒரு சந்தையையும், அந்தச் சந்தையில் கருவாடு விற்கும் கிழவியையும் ஒருவன் பெட்டிக்குள் கட்டி வைத்தால் நாமே முதலில் போய்ப் பார்ப்போம். கற்பனை வேறு, புரட்டு வேறு. குழந்தை தன் மரப்பாச்சிக்குச் சோறூட்டித் தாலாட்டுகின்றது. கை ஒடிந்தால் மூலையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுகின்றது. அதற்கு அது பொம்மையென்பது எப்போதும் தெரியும். வயது வந்தவர்களுக்குத்தான் அது மறந்துபோகின்றது. மறக்கும்படி செய்வதற்கென்றே ஒரு கூட்டம் தட்டேந்தி நிற்கின்றது.

கொலுவையே எடுத்துக்கொள்ளுவோம். மேற்படியில் கலசமும் தெய்வங்களும். நடுப்படிகளில் ரிஷிகளும் மகான்களும். கீழ்ப்படியில் பலசரக்குக் கடைச் செட்டியாரும் அவர் சம்சாரமும். வருணாசிரமத்துக்கு இதைவிட நல்ல படம் யாரும் வரைந்துவிட முடியாது. ஆனால் அந்தப் படிகளுக்கெல்லாம் கீழே, வெறுந்தரையில், வீட்டுப் பிள்ளைகள் 'பார்க்' என்று ஒன்று போடுகின்றார்களே, அதைப் பார்த்திருக்கின்றீர்களா? மண்ணைக் குவித்து மலை. கண்ணாடித் துண்டை வைத்துக் குளம். கடுகையும் கேழ்வரகையும் தூவி முளைக்கவிட்டு வயல். அதற்குள் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். மேற்படியில் இருப்பதெல்லாம் கடையில் வாங்கியது, அல்லது பாட்டி காலத்துப் பெட்டியிலிருந்து எடுத்தது. தரையில் இருப்பதுதான் அந்த வருஷம் யோசித்துச் செய்தது. ஆயினும் ஆரத்தி எதற்கு எடுக்கின்றார்கள்? மேற்படிக்கு.

அந்தப் பொம்மைகள்தான் எங்கிருந்து வருகின்றன? பண்ருட்டியிலிருந்தும், புதுவைக்கு அடுத்த வில்லியனூரிலிருந்தும், மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியிலிருந்தும் வருகின்றன. குயவர் தோழர் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துப் பதம் செய்கின்றார். அந்த மண்தான் தெய்வமாகின்றது. கோயில் சிலைக்கும் இதே கதைதான். சிற்பி உளியால் கண் திறந்து கொடுக்கின்றவரையில் அது கல். அவர் தொடலாம், ஏறி உட்காரலாம். மந்திரம் சொல்லி நீர் தெளித்துவிட்டால் செய்தவனே கர்ப்பக்கிருகத்துக்கு வெளியே நிற்கவேண்டும்.

எக்கியார்குப்பத்தாருக்கு இதைவிட அருகில் ஒரு சங்கதி இருக்கின்றது. உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைக்கும்போது, சாப்பாட்டு உப்பு படிவதற்கு முந்திய பாத்திகளிலேயே ஜிப்சம் என்னும் சுண்ணச் சத்து அடியில் படிந்துவிடுகின்றது. அதைத் தொழிலாளிகள் காலால் மிதித்துக்கொண்டுதான் நடக்கின்றார்கள். அந்த ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அதிலிருக்கும் நீரில் முக்கால் பங்கு போய் மாவாகின்றது. மறுபடி தண்ணீர் விட்டால் இறுகிக் கல்லாகின்றது. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்பது இதுதான். சதுர்த்திக்கு ஆளுயரப் பிள்ளையார்களை இதிலேதான் வார்த்தார்கள். தண்ணீரில் போட்டால் கரையாமல் கிடக்கின்றதென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் அதைக் கூடாதென்று விதி போடவேண்டி வந்தது. காலுக்கடியில் கிடக்கும்போது அழுக்கு, தும்பிக்கை வைத்தால் ஆண்டவன், கடலில் போட்டால் மறுபடி அழுக்கு!

நிற்க. அசையும் பொம்மைக்கு வருவோம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா பட்டணத்தில் ஹீரோ என்றொரு யந்திர வல்லுநர் இருந்தார். கிரேக்க பாஷையில் அவர் எழுதிய நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று முழுவதும் தானே ஆடும் பொம்மை மேடைகளைச் செய்வதைப் பற்றியது. அவர் சொல்லும் ஒரு மேடை நம் குப்பத்துப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று. ஏனென்றால் அது கடல் காட்சி. மேடைக் கதவு திறந்ததும் கிரேக்கர்கள் கப்பல் கட்டுகின்றார்கள்; பொம்மைகளின் கைகள் ரம்பத்தையும் கோடாலியையும் சுத்தியலையும் மேலும் கீழும் ஆட்டுகின்றன, சத்தமும் கேட்கின்றது. கதவு மூடித் திறந்தால் கப்பல்களைக் கடலில் தள்ளுகின்றார்கள். மறுபடி மூடித் திறந்தால் கப்பல்கள் வரிசையாகப் போகின்றன; பக்கத்தில் ஓங்கில்கள் துள்ளித் துள்ளி முழுகுகின்றன. பிறகு புயல், பகைவன் காட்டும் தீப்பந்தம், உடைந்த கப்பல், நீந்தும் ஒரு வீரன், மேலேயிருந்து விழும் இடி. இவ்வளவும் மின்சாரமில்லாத காலத்தில்!

சக்தி எங்கிருந்து வந்தது? கனமான ஈயக் கட்டியிலிருந்து வந்தது. அதே நூலில், தானே உருண்டு வந்து ஆட்டங்காட்டிவிட்டுத் தானே திரும்பிப் போகும் இன்னொரு மேடை உண்டு. அதற்கு அவர் சொல்லும் வழியைக் கேளுங்கள். ஒரு குழாயில் தினையையோ கடுகையோ நிரப்பி, அதன்மேல் ஈயக் கட்டியை வைத்து, அடியில் சிறு துவாரம் விட்டுவிடுவது. தானியம் கொஞ்சங் கொஞ்சமாகச் சிந்தச் சிந்தக் கட்டி நிதானமாக இறங்கும். கட்டியில் கட்டிய கயிறு அச்சைச் சுற்றும். அச்சில் கயிற்றை ஒரு முளைக்கு இந்தப் பக்கமும் அடுத்த முளைக்கு அந்தப் பக்கமும் சுற்றி வைத்தால், வண்டி போகும், நிற்கும், திரும்பும். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே கயிற்றில் எழுதிவைப்பதுபோல. இக்காலத்துக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகின்ற வித்தையின் முளை அங்கேதான் இருக்கின்றதென்று அறிஞர் சிலர் சொல்லுகின்றார்கள். நம் வீட்டில் கொலுவுக்கு முளைக்கப் போடும் கடுகு அங்கே ஒரு தெய்வத்தையே ஆட்டிவைத்தது; அந்த மேடையில் நின்ற பொம்மை திராட்சை மதுவின் கடவுள். அதன் கையிலிருந்து மதுவும் பாலும் கொட்டுமாம்.

அவருடைய மற்றொரு நூலில் ஒரு சிறு கோயில் மாதிரி வருகின்றது. பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு தானே திறக்கும். தீ அணைந்தால் தானே மூடும். பார்ப்பவன் என்ன நினைப்பான்? ஆண்டவன் பலியை ஏற்றுக்கொண்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுவான். ஹீரோ என்ன சொல்லுகின்றார்? பீடத்துக்குள் இருக்கும் காற்று சூட்டினால் விரிகின்றது, விரிந்த காற்று கீழே ஒரு குண்டிலிருக்கும் தண்ணீரைத் தள்ளுகின்றது, தண்ணீர் குழாய் வழியாகத் தொங்குகின்ற வாளியில் விழுகின்றது, வாளி கனத்து இறங்கும்போது கதவின் அச்சில் சுற்றிய கயிற்றை இழுக்கின்றது, கதவு திறக்கின்றது. தீ அணைந்தால் காற்று சுருங்கித் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், எதிர்ப்பக்கத்து எடை கதவை மூடிவிடும். காசு போட்டால் தீர்த்தம் கொடுக்கும் பெட்டி ஒன்றுகூட எழுதியிருக்கின்றார். விழுந்த காசு ஒரு தட்டைச் சாய்க்கும், தட்டு அடைப்பைத் தூக்கும், காசு வழுக்கி விழுகின்றவரை தண்ணீர் வரும். நம் ஊரில் இன்னும் இதற்கு ஆள் வைத்திருக்கின்றார்கள்.

முன்னால் நிற்பவனுக்கு அற்புதம், பின்னால் நிற்பவனுக்கு வாளி. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கதவைத்தான். பின்பலகையைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு பிடிவாதம் செய்கின்றோம் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோயல்ல. இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் பாக்ஸ்லி என்னுமிடத்து மடத்தில் ஒரு சிலுவை இருந்தது. அதில் இருந்த ஏசுநாதர் உருவம் கண்ணை உருட்டும், உதட்டை அசைக்கும். ஜனங்கள் தூரதேசத்திலிருந்து காணிக்கையோடு வந்தார்கள். 1538-ல் மடத்தை மூடியபோது அதைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் கம்பிகளும் உளுத்த குச்சிகளும் இருந்தன. மெய்ட்ஸ்டன் சந்தையில் வைத்து எல்லோருக்கும் ஆட்டிக் காட்டினார்கள். பிறகு லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பாதிரியார் ஒருவரே பிரசங்கம் செய்து உடைக்கச் செய்தார். மடத்தார் அதை அற்புதமென்று சொல்லியே பணம் வாங்கினார்களா, அல்லது வேடிக்கைப் பொம்மை என்று ஜனங்களுக்கும் தெரியுமா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகின்றார்கள். உடைக்கச் சொன்ன அரசனுக்கு மடத்துச் சொத்தின்மேல் கண் இருந்ததென்பதும் வாஸ்தவம். எப்படியிருந்தாலும், சந்தையில் பின்பக்கத்தைப் பார்த்தவன் மறுபடி அதற்குக் காணிக்கை போட்டிருக்க மாட்டான்.

நம் நாட்டில் கம்பிகூட வேண்டியதில்லை. 1995-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கின்றார் என்று வடக்கே கிளம்பிய செய்தி ஒரே பகலில் கடல்தாண்டிப் போய்விட்டது. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் கரண்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து வைத்துக் காட்டினார்கள்; தும்பிக்கையைத் தொட்ட பால், நீரின் பரப்பு இழுப்பினால் கரண்டியை விட்டு மெல்லிய படலமாகச் சிலையின்மேல் வழிந்து கீழே போகின்றதென்பது நிறத்தினால் தெரிந்துவிட்டது. சிலையின் காலடியைக் குனிந்து பார்த்திருந்தால் சாயமும் தேவைப்பட்டிருக்காது.

இன்னும் ஒரு வேடிக்கை. கோயில்களில் இப்போது மின்சார மேளம் வந்திருக்கின்றது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடி முரசையும் மணியையும் சேகண்டியையும் தானே அடிக்கின்றது. மேளம் அடித்துப் பிழைத்த தோழனுக்கு வேலை போயிற்று. 2017-ல் பூனாப் பட்டணத்தில் யந்திரக் கை ஒன்று கணபதிக்குத் தீபாராதனையே காட்டிற்று. அப்படியானால் அர்ச்சகருக்கும் ஒரு பொத்தான் வைக்கலாமே என்று யாராவது பேசுகின்றார்களா? மேளக்காரன் கைக்கு மட்டும் மாற்று உண்டு, மணியாட்டும் கைக்குக் கிடையாது போலும்.

இனி, வாலிபர்கள் செய்யப்போகும் பாற்கடலைப் பார்ப்போம். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. செய்யட்டும். செய்கின்றபோதே அவர்களுக்கு ஒன்று தெரிந்துவிடும். தேவர் வரிசைக்கு ஒரு மோட்டாரும் அசுரர் வரிசைக்கு ஒரு மோட்டாரும் வைக்கமாட்டார்கள். வைத்தால் ஒன்றோடொன்று ஒத்துவராது. ஒரே சக்கரத்தின் ஓரத்தில் ஒரு கம்பியை மாட்டி, அந்தக் கம்பியிலேயே இரண்டு வரிசையையும் கோப்பார்கள். தேவர் பின்னுக்குச் சாயும்போது அசுரர் முன்னுக்கு வருவார்கள். அசுரர் சாயும்போது தேவர் வருவார்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தேவனும் அசுரனும் ஒரே கம்பியில் குத்திய இரண்டு அட்டை. முன்பக்கத்திலோ ஒருவனுக்குப் பொன் கிரீடம், ஒருவனுக்குக் கோரைப்பல்.

அந்தக் கதையிலும் அப்படித்தானே இருக்கின்றது? இருவரும் இழுத்தார்கள். பாம்பின் தலைப்பக்கம், அதாவது விஷமூச்சு வீசுகின்ற பக்கம், அசுரர்களுக்கு. அமிர்தம் வந்தவுடன் மோகினி வந்தாள்; பந்தி போட்டாள்; அமிர்தமெல்லாம் ஒரு பக்கத்துக்கே பரிமாறப்பட்டது. கேட்க வந்த ஒருவன் தலையை வெட்டிவிட்டார்கள். பாதி வேலை செய்தவனுக்குக் கூலி பூஜ்யம், அவனுக்கே அரக்கனென்று பட்டம்! பகல் முழுதும் உப்பு வாரிக் காலும் கையும் வெடித்துப் போகின்ற எக்கியார்குப்பத்துப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு தடவை பெட்டியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்த ஒற்றைக் கம்பியைக் காட்டினால் போதும்.

புராணத்தில் ஏழு கடல் சொல்லியிருக்கின்றது: உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர். ஏழில் நம் ஜனங்கள் கட்டுமரம் தள்ளுவதற்குக் கிடைத்தது உப்புக் கடல் ஒன்றுதான். பாற்கடலில் சுகமாகப் படுத்திருக்கின்றவரையும் மாசி மகத்தன்று மனிதர்கள் தோளில் தூக்கிவந்து இந்த உப்புக் கடலில்தான் குளிப்பாட்டவேண்டியிருக்கின்றது. ஆகையால் பாற்கடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டாவது பெட்டி ஒன்று வைக்கவேண்டுமென்று நாம் யோசனை சொல்லுகின்றோம். அதில் தங்கள் சொந்தக் கடலைச் செய்யட்டும்.

கடலைச் செய்வது எப்படி? மெல்லிய பலகையில் ஒரே அளவில் 16 வட்டங்கள் அறுத்து, நடுவில் துளையிடாமல் சற்று ஓரத்தில் துளையிட்டு, எல்லாவற்றையும் ஒரே அச்சில் கோக்கவேண்டும். ஒவ்வொன்றையும் முந்தியதைவிட 22½ பாகை திருப்பி இறுக்கவேண்டும். 16 சேர்ந்தால் ஒரு முழுச்சுற்று. ஒவ்வொரு வட்டத்தின்மேலும் நேராக நிற்கும் ஒரு நீலப் பட்டை. பட்டைகள் பக்கவாட்டில் நகராதபடி ஒரு சட்டத்துக்குள் விடவேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் அலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். ஆனால் எந்தப் பட்டையும் தன் இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் போகாது. ஏறி இறங்கும், அவ்வளவே. அலை ஓடுகின்றது, தண்ணீர் ஓடவில்லை என்கின்ற பாடத்தை இதைவிடச் சுலபமாய் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர முடியாது. வலையில் கட்டிய மிதவை அலைக்கு ஏறி இறங்கிச் சற்று முன்பின் அசைந்துவிட்டு அங்கேயே நிற்பதை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கின்றார்கள். காரணம் இன்னதென்று கேட்டவர்கள்தான் இல்லை.

அந்தப் பெட்டியிலேயே சுனாமியையும் காட்டலாம், காட்டவேண்டும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நம் நேரம் காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவுக்கு அருகே கடலடித் தரை பெயர்ந்தது. ஒரு பக்கத்துத் தரை மேலே எழும்பிற்று, மறுபக்கத்துத் தரை இறங்கிற்று. எழும்பிய பக்கத்துத் தண்ணீர் மேடு நம்மை நோக்கி வந்தது. இறங்கிய பக்கத்துப் பள்ளம் தாய்லாந்தை நோக்கிப் போயிற்று. அதனால்தான் அங்கே கடல் முதலில் உள்வாங்கிற்று, நம் கரையில் முன்னறிவிப்பில்லாமல் மேடு முதலில் வந்தேறிற்று. நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வேகமோ மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் குறையக் குறைய வேகம் தடைப்பட்டுத் தண்ணீர் உயர்ந்துவிடுகின்றது. பெட்டியின் அடியில் கீல் வைத்த ஒரு பலகையைச் சட்டென்று தூக்கினாலே ஒரு தொட்டித் தண்ணீரில் இவ்வளவும் தெரியும். நம் கரைக்கு அது வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மணி நேரம்! ஊரைக் காலி செய்து மேட்டில் போய் உட்கார்ந்து கஞ்சி குடிக்கவும் போதுமான அவகாசம். சொல்ல ஆளில்லை, சொல்லும் கருவி அப்போது இந்தியாவுக்கு இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வந்தது 2007-ல். கடல் மாதா கோபித்துக்கொண்டாள் என்று அன்று பேசியவர்கள் உண்டு. கோபமென்று நினைத்தால் சமாதானத்துக்குத் தேங்காய் உடைப்போம். தரை பெயர்ந்ததென்று தெரிந்தால் கருவி கேட்போம்.

உப்பளத்தை மறந்துவிடக்கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சாப்பாட்டு உப்பு சுமார் 27 கிராம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வெயிலில் போன பின்புதான் அது படிய ஆரம்பிக்கின்றது. பலகையால் உப்பு வாருகின்ற ஒரு பெண் பொம்மை. கை முன்னும் பின்னும் போகவேண்டும். மேலே துளைபோட்ட ஒரு தகர டப்பா, சாய்த்தால் மழை. மழை விழுந்தவுடன் வாரி வைத்த உப்பு கரையும், பெண்ணின் கை நிற்கும். கை நின்றால் அன்றைய கூலி நின்றதென்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் பிள்ளை விளையாட்டென்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சென்னை அயோத்தியாகுப்பத்துச் செம்படவர் குடும்பத்தில் 1860-ல் பிறந்த தோழர் சிங்காரவேலர், தள்ளாத வயதில் நம் 'குடி அர'சில் விடாமல் எழுதியது என்ன? உலகம் எப்படி உண்டாயிற்று, உயிர் எப்படி வந்தது, பேய் பிசாசு என்பது யாது என்று, பெட்டியின் பின்பக்கத்தைத்தான் திறந்து திறந்து காட்டினார். அவரும் ஒரு குப்பத்திலிருந்து வந்தவர்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2023-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி இதே எக்கியார்குப்பத்தில் கள்ளச் சாராயமென்று விற்றதை வாங்கிக் குடித்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அது சாராயமல்ல, தொழிற்சாலைகளுக்கு உபயோகப்படும் மெத்தனால். கண்ணாலும் மூக்காலும் இரண்டுக்கும் பேதம் தெரியாது. உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கி உயிரை எடுத்துவிடும். மாண்டவர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. உழைத்து அலுத்தவன் கையில் கொடுத்ததைக் குடித்தான். சரக்குக்குள் என்ன இருக்கின்றதென்று கேட்டால் பதில் சொல்லவேண்டிய கடமை விற்றவனுக்கும், அவனைக் கண்காணிக்கவேண்டியவர்களுக்கும் இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம் நம்மை விடவில்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவதே பக்தி, பின்னால் எட்டிப்பார்ப்பது பாபம் என்று தொட்டில் முதல் பழக்கப்பட்ட ஜனங்கள், மற்ற இடங்களில் மட்டும் "உள்ளே என்னய்யா?" என்று எப்படிக் கேட்பார்கள்? கேட்கின்ற பழக்கம் பொம்மையிலே ஆரம்பித்தால்தான் என்ன?

இனி, தோழர் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கும் சில்லறைச் சங்கதிகளுக்குப் பதில்.

மோட்டாருக்கு, பழைய கார்களில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார் நல்லது; 12 வோல்ட் பாட்டரியில் ஓடும், நிதானமாகச் சுற்றும், இழுக்கும் பலமும் உண்டு. வீட்டு மின்சாரத்தை நேராக இழுக்கவேண்டாம். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கின்றது, அதுவும் உப்புத் தண்ணீர், சுற்றிலும் குழந்தைகள். கடல் காற்றில் இரும்பு அச்சு துருப்பிடித்து இறுகிவிடும். பித்தளைக் கம்பி போடுங்கள், எண்ணெய் விடுங்கள். பொம்மைகளைத் தூக்கித் தாழ்த்த நூல் வேண்டாம், ஈரத்தில் தொய்யும். வலைக்கு வாங்கும் தங்கூசியே போதும். உருவங்களுக்குப் பழைய காகிதத்தை ஊறவைத்து இடித்த கூழ். அதில் இந்தக் கட்டுரை அச்சான காகிதமும் சேர்ந்தால் நமக்கு ஆட்சேபணையில்லை.

இரண்டாவது பெட்டிக்கு மோட்டாரே வைக்காதீர்கள். கைப்பிடி வையுங்கள். கைப்பிடி பார்க்க வருகின்றவர்கள் பக்கம் இருக்கட்டும். பெட்டி செய்தவர்கள் பக்கம் வேண்டாம். உப்பளத்துக்குப் போகின்ற பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் முதலில் சுற்றட்டும். ஏதாவது உடைந்தால் அவர்களையே கூட வைத்துக்கொண்டு பழுது பாருங்கள்.

வசூல் கணக்கை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்கு அருகிலேயே தொங்கவிடுங்கள். மீதி இருந்தால் அடுத்த வருஷத்துப் பெட்டிக்கு வையுங்கள். தட்டு வைக்க யாராவது வந்தால் தட்டையும் பின்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். தயாரானதும் ஒரு கடிதம் போடுங்கள். பஸ் சத்தம் நம்முடையது. வந்து பின்பக்கமாக நின்று பார்க்கின்றோம்.